பம்பரத்துக்குள் ஒரு நிமிடம்

கோயம்புத்தூருக்கு அந்த மெஷின் வந்த வருஷம் பாதி ஊர் வாயைப் பொத்திக்கொண்டது. மீதிப் பாதி, வீட்டிலிருந்த பித்தளைச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டது. பின்னே என்ன செய்வார்கள்? சொம்போ, குத்துவிளக்கோ, பம்புசெட்டு புஷ்ஷோ, லேத்தில் கடைந்தது எதுவானாலும் சரி, கடைந்த நேரத்தில் பக்கத்தில் யார் என்ன பேசினார்களோ அதை அந்த மெஷின் அப்படியே திருப்பிச் சொல்லிவிடும் என்றால் யாருக்குத்தான் பயம் இருக்காது? கணபதியில் ஒரு அம்மாள், தன் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த விளக்கை ஆசையாசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "பொண்ணுதான் கருப்பாப் போயிட்டா, வெளக்காச்சும் பளபளன்னு இருக்கட்டுமப்பா" என்று அவள் அப்பா கடைசல்காரரிடம் சிரித்துப் பேசுவது உள்ளே இருந்தது. அந்தத் தீபாவளிக்கு அவள் பிறந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த மெஷினைச் செய்த நாலு பேரில் யாமினியும் ஒருத்தி. பீளமேட்டில் 'தடம்' என்ற அவர்களுடைய ஆய்வகத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது, வக்கீல்கள் வந்தார்கள், பழைய வழக்குகளைத் திரும்ப விசாரிக்கிற ஆணையமும் வந்தது. ஆனால் யாமினி இவர்களுக்காகவா பத்து வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள்? சத்தியமாக இல்லை. ஒரு பம்பரத்துக்காக.

பித்தளைப் பம்பரம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவளுடைய ஆறாவது வயதில் அப்பா குப்புராஜ் தன் பட்டறை லேத்தில் தானே கடைந்து கொடுத்தது. உடம்பு முழுக்க ரொம்ப மெல்லிசான வரிகள் ஓடும். கழுத்துக்கிட்டே மட்டும் ஒரு வரி ஆழமாக இறங்கியிருக்கும். கயிறு நழுவாமல் இருக்க அப்பா யோசித்துப் போட்ட வெட்டு அது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அவள். ஹாஸ்டல், வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அது கைப்பையில் கூடவே போயிற்று. ஆதிரா பிறந்த அன்று பிரசவ அறையில் நர்ஸ் அதைப் பிடுங்கப் பார்க்க, "இதை எடுத்தீங்கன்னா நான் பெத்துக்கவே மாட்டேன்" என்று இவள் மிரட்ட, ஆஸ்பத்திரியே சிரித்தது.

அப்படிப்பட்ட அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர் 'கையெடுத்த குப்புராஜ்'.

விஷயம் இதுதான். பட்டறைகளில் ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டும் மாலையும் போட்டு ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் வீட்டுக் குழந்தையின் கையால் லேத்துக்கு சுவிட்ச் போடச் சொல்வது குப்புராஜின் வழக்கம். பிஞ்சுக் கை பட்டால் வருஷம் முழுக்க வேலை நிற்காது என்று நம்பிக்கை. அந்த வருஷமும் யாமினி போட்டாள். முதல் வேலையே மகளுக்காக இருக்கட்டும் என்று அப்பா பம்பரம் கடைய உட்கார்ந்தார். அதோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்புறம்தான் அது நடந்தது. பட்டறையில் வேலை பார்த்த ஆறுச்சாமி, தகடு அடிக்கும் பவர் பிரஸ்ஸின் வாய்க்குள் கையை விட்டு, முந்தின நாள் கட்டிய மாலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்காய் வைத்த பலகை பெடலின்மேல் கிடந்து அதை அமுக்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. பிரஸ்ஸுக்கு யாரோ சுவிட்ச் போட்டார்கள். உடனே பிரஸ் இறங்கி, வலதுகை மணிக்கட்டோடு போயிற்று.

கோர்ட்டில் குப்புராஜ் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "சுவிட்ச் போட்டது நான்தானுங்க." ஜெயிலுக்குப் போய் வந்தார். பட்டறை போயிற்று. அதற்குப்பின் எந்த மெஷினையும் தொடாமல் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாக இருந்தே கிழவராகிவிட்டார்.

யாமினி இதை ஒருநாளும் நம்பியதில்லை. லேத்தில் வெட்டு ஓடும்போது அப்பா அதை விட்டு அசையமாட்டார் என்று பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் எப்படி எழுந்துபோய் பிரஸ்ஸைப் போட்டிருப்பார்? அங்கே இருந்த இன்னொரு ஆள் தாய்மாமன் மயில்சாமி, பட்டறையில் பாதிப் பங்குக்காரர், எப்போதும் அவசரக் குடுக்கை. அவர்தான் போட்டிருக்கவேண்டும், மச்சானைக் காப்பாற்ற அப்பா பழியைத் தலையில் போட்டுக்கொண்டார். இப்படி அவள் பதினாறு வயதில் முடிவு கட்டினாள். கட்டினவள் சும்மா இருந்தாளா? தன் கல்யாணத்தில் தாய்மாமனை மேடையேற விடவில்லை. சீர்த்தட்டோடு மண்டப வாசலிலேயே நின்றிருந்த மனுஷன் முகூர்த்தம் முடிந்ததும் தட்டைச் சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போன மாசிமாசம் செத்தும் போய்விட்டார். யாமினி துக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

இப்போது மெஷின் தயார், பம்பரமும் தயார். ஆணையத்துக்கு ஒரு விதி உண்டு. குடும்பங்கள் கண்டபடி உடைவதைப் பார்த்துவிட்டுப் போட்ட விதி: பொருளைச் செய்தவர், பாதிக்கப்பட்டவர் இருவரும் முன்னால் இருக்கவேண்டும், அவர்கள் கேட்பதற்குமுன் வேறு யாரும் கேட்டிருக்கக்கூடாது. அதனால் அவளும் இன்னும் கேட்கவில்லை. ஆறுச்சாமியைத் தேடிப் பிடித்து வரச்சொன்னாள். அப்பாவிடம் சொன்னால் வரமாட்டார் என்று தெரியும். கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிவந்தாள்.

ஆய்வகத்துக்குள் வந்த குப்புராஜ், நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆறுச்சாமியைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"நீ எதுக்கு ஆறுச்சாமி வந்தே?"

"வாங்க ராஜண்ணா. அம்மிணி கூப்பிட்டுது. மாட்டேன்னு நாலு வாட்டி சொல்லிப் பாத்துட்டனுங். விடமாட்டேங்குது."

இருவரும் பேசிக்கொண்ட விதம் யாமினிக்கு உறுத்தியது. எதிரும் புதிருமாக இருக்கவேண்டியவர்கள் நேற்றுத்தான் டீக்கடையில் பார்த்ததுபோல் பேசுகிறார்களே! ஆனால் வெற்றியின் வாசலில் நிற்கிறவளுக்கு இதையெல்லாம் யோசிக்கப் பொறுமை ஏது?

ஆறுச்சாமியின் முழுக்கைச் சட்டையில் வலதுகை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. "அரசாங்கம் குடுத்த மின்கை இருக்குமே, மாட்டிட்டு வரலையாண்ணா?" என்று கேட்டான் யாமினியோடு வேலை செய்யும் ஃபெலிக்ஸ்.

"இருக்குது தம்பி, பீரோவுல. சொன்ன பேச்செல்லாம் கேக்குது. ஆனா அதுல சொறிஞ்சா ஒரு சொகம் இல்ல பாத்துக்கங்க." அவர் மேஜைமேல் இருந்த மெஷினை எட்டிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, பித்தளைக்குக் காது இருக்குதா?"

"பித்தளைக்கு இல்லைங்கண்ணா, வெட்டற டூலுக்கு இருக்கு. பேசறப்ப காத்து அதிருதில்ல? டூலும் கண்ணுக்குத் தெரியாம நடுங்கும். நடுங்கிட்டே வெட்டறதால அந்த நடுக்கம் வரியில பதிஞ்சுரும். நாங்க லேசரை விட்டு அந்த வரியைப் படிக்கறோம்."

"எல்லாச் சத்தமுமா கலந்து வருமே?"

"வரும். ஒண்ணொண்ணா உரிப்போம். மொதல்ல மேல் சத்தம், கத்தல், பேச்சு. மோட்டார் சத்தத்துக்கு அடியில இருக்கற கனத்த குரல் கடைசியாத்தான் வரும். இந்தப் பம்பரத்துல ஒரு நிமிஷம் இருக்கு. கடைசி வெட்டு எவ்வளவு நேரம் ஓடிச்சோ, அவ்வளவுதான்."

குப்புராஜ் மெதுவாக உள்ளே வந்தார். மகள் கையிலிருந்த பம்பரத்தைப் பார்த்து, தன் கையை நீட்டினார்.

"அதைக் குடுத்துரு கண்ணு. நாம வூட்டுக்குப் போலாம்."

"அப்பா, இன்னியோட உங்க பேரு சுத்தமாயிரும். ஊரே கேக்கட்டும்."

"என்ற பேருக்கு என்ன கொறைச்சல் இப்ப? குடோன்ல எல்லாரும் ராஜண்ணான்னுதான் கூப்பிடறாங்க."

"பின்னால என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும்பா. முப்பத்திரண்டு வருஷமாக் கேட்டிருக்கேன்."

"நான் அத ஆடறதுக்குக் குடுத்தேன் யாமினி. கேக்கறதுக்குக் குடுக்கலை." அவர் இரண்டு கையையும் குவித்தார். "உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன். வேண்டாஞ் சாமி."

அப்பா தன்னைக் கும்பிட்டு அவள் பார்த்ததேயில்லை. ஒரு கணம் தயங்கத்தான் செய்தாள். செத்துப்போன மச்சானை இப்போதும் காப்பாற்றப் பார்க்கிறாரே என்ற எரிச்சல் அந்தத் தயக்கத்தை அடித்துத் தள்ளிவிட்டது. பம்பரத்தை மெஷினில் பொருத்தினாள்.

முதலில் இரைச்சல். ஃபெலிக்ஸ் திரையில் விரலை ஓட்டி அதை உரித்தான். சைக்கிள் மணி ஒன்று தெருவில் போயிற்று. பிறகு திடீரென்று, பக்கத்தில் நிற்பதுபோல் ஓர் இளவட்டக் குரல்:

"எவன்யா இந்த மாலைய இவ்ளோ இறுக்கிக் கட்டுனது? மெஷின் என்ன ஓடியா போயிரும்?"

ஆறுச்சாமி நாற்காலியில் நிமிர்ந்தார். "அட, நானுங்!" என்றார். அவருடைய அன்றைய குரல் அதற்குள் வார்த்தையில்லாமல் ஒரு மெட்டை முனக ஆரம்பித்திருந்தது. சுருதி கிடையாது, தாளம் கிடையாது, சந்தோஷம் மட்டும் தாராளமாக இருந்தது.

அப்புறம் அந்தக் குரல் வந்தது.

"அப்பா, அந்த மெஷினையும் நானே போடட்டா?"

அது ஆதிராவின் குரல். யாமினிக்கு அதில் துளி சந்தேகம் இல்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது 'தண்ணி பாட்டில் எங்கம்மா' என்று கேட்ட அதே குரல், அதே இழுப்பு. ஆதிரா எப்படி அங்கே போனாள் என்றுகூட ஒரு விநாடி நினைத்தாள். பைத்தியம், ஆதிரா அப்போது பிறக்கவேயில்லை.

"அப்பா, போடட்டா?"

சட்டென்று ஒரு சுவிட்ச் சத்தம். மோட்டார் எழுந்தது. கனமாக எதுவோ இறங்கியது. மெட்டு அறுந்து, அதே குரல் அலறியது. அந்த அலறல் நிற்கவேயில்லை. அதன் நடுவே டூல் பித்தளையில் கிறீச்சிட்டு ஆழமாக இறங்கியதும், தடம் முடிந்து, மேஜைமேல் இருந்த மெஷின் தானாக நின்றது.

கழுத்து வரி! அப்பா யோசித்துப் போட்ட வெட்டு இல்லை அது. அவர் லேத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடியபோது டூல் தன்போக்கில் குத்தியது. இத்தனை வருஷமாக அந்தப் பள்ளத்தில்தான் ஆசையாகக் கயிறு சுற்றியிருக்கிறாள்.

"இது... இது யாரு?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. "நான் வூட்டுக்குப் போயிட்டேன். என்னை அனுப்பிட்டீங்க. எல்லாரும் சொன்னீங்களே!"

ஃபெலிக்ஸ் திரையை விட்டுத் திரும்பவில்லை. குப்புராஜ் சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். யாமினி தன் வலதுகையைத் தூக்கிப் பார்த்தாள். பிஞ்சுக் கை, ராசியான கை என்று சொல்லிச் சொல்லி மஞ்சள் தடவிவிட்ட கை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பேசியவர் ஆறுச்சாமிதான்.

"கொழந்தய யாரும் அனுப்பலை அம்மிணி. நீ பிரஸ்ஸுக்கிட்டத்தான் நின்னுட்டிருந்தே. நான் உன்னப் பாத்தேன். எனக்குப் பாட்டு சொகம். நீ சுவிட்சுல கை வெச்சதே தெரியறதுக்குள்ள ஆயிருச்சு."

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சே கோர்ட்டுல..."

"ஆறு வயசுக் கொழந்தைய நான் எங்க கூண்டுல ஏத்தறது? மயிலண்ணன்தான் மொதல்ல உன்னத் தூக்கிட்டு ஓடுனாரு. என்னை ஆஸ்பத்திரில போட்டிருந்தப்ப வந்து நின்னாரு. 'புள்ள அப்பப் பட்டறையிலயே இல்ல, ஆறுச்சாமி. நீ மனசு வெச்சா அது பொழச்சுக்கும்'னு அழுதாரு. எனக்குக் கோவந்தான். கை போனவனுக்குக் கோவம் வராம இருக்குமா? ராஜண்ணன்கிட்ட ரெண்டு வருசம் மொகங்குடுத்துப் பேசலை. ஆனா வாயைத் திறக்கலை."

மயில் மாமா. மண்டப வாசலில் தட்டோடு நின்ற மயில் மாமா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடையேறியிருக்கலாம். சொல்லாமல் தட்டைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். யாமினி வாய்விட்டு அழுதாள். அழுகை என்று சொன்னால்கூடப் போதாது. அடிவயிற்றிலிருந்து ஓலம் கிளம்பியது.

"உனக்கு அன்னிக்கே காச்சல் வந்து வலிப்பு வந்திருச்சு கண்ணு" என்றார் குப்புராஜ் தரையில் இருந்தபடியே. "எந்திரிச்சப்ப ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் இருந்துச்சு. 'அப்பா, என்ற பம்பரம் எங்க?' ஜெயில்ல பாக்க வந்தப்பவும் அதான் கேட்டே. அத உருக்கிப் போட்டுறலாம்னுதான் இருந்தேன். ஆனா பம்பரம் இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேப்பே. கேட்டா யோசிப்பே. யோசிச்சா..." அவர் மூக்கை உறிஞ்சினார். "வெளிய வந்ததும் ஒரு பக்கத்துப் பட்டறைக்குப் போயி அடியில ஆணி வெச்சு எடுத்துட்டு வந்து குடுத்தேன். நீ சிரிச்சே. அது போதும்னு விட்டுட்டேன்."

"அப்ப நான்தான். நான்தாம்பா போட்டேன். நீங்க கோர்ட்டுல சொன்னது பொய்."

குப்புராஜ் சடாரென்று தலையைத் தூக்கினார். அவ்வளவு நேரம் குலைந்துபோய்க் கிடந்த மனுஷருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ!

"பொய்யா? தம்பி, இன்னும் என்னமோ உரிக்கறதுக்கு இருக்குதுன்னீங்களே, கனத்த குரலு. அத எடுங்க."

"அப்பா, போதும்."

"எடுங்க தம்பி. பாதி கேட்டுட்டு அவ எந்திரிச்சுப் போகக்கூடாது."

ஃபெலிக்ஸ் யாமினியைப் பார்த்தான். அவள் மெஷினை விட்டு விலகி வழிவிட்டாள். அவன் மோட்டார் சத்தத்தை ஒவ்வொரு இழையாகப் பிரித்தான். நேரம் பிடித்தது. பிறகு தடத்தை மறுபடி ஓட்டினான். மாலை, மெட்டு, குழந்தை.

"அப்பா, அந்த மெஷினையும் நானே போடட்டா?"

முதல்முறை வெறும் இரைச்சலாக இருந்த இடத்தில் இப்போது மிக அருகிலிருந்து, டூலைப் பிடித்த கை வழியாகவே இறங்கிய ஆண்குரல் கேட்டது. வேலையில் மூழ்கியவரின் அரைக்கவனக் குரல்.

"ம்ம்."

"அப்பா, போடட்டா?"

"போடு கண்ணு."

ஃபெலிக்ஸ் அலறலுக்கு முன்பே நிறுத்திவிட்டான்.

"கேட்டியா?" என்றார் குப்புராஜ். "நீ என்னக் கேக்காமப் போடலை. ரெண்டு வாட்டி கேட்டே. நான்தான் திரும்பிப் பாக்கலை. லேத்துக்கு மட்டுந்தான் உன்ற கை. பிரஸ்ஸுக்கிட்ட உன்னை விடவே மாட்டேன். அன்னிக்கு உனக்குப் பம்பரம் நல்லா வரோணும்னு அதுலயே கண்ணு. சித்தெ தலையத் திருப்பியிருந்தா போதும். கோர்ட்டுல சொன்னது பொய்யில்ல. நான்தான் போட்டேன்."

யாமினி தவழ்ந்தவள்போல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தோளில் சாயவேண்டும்போலவும் இருந்தது; அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒளித்து வைத்திருந்த கையை அவர் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார்களோ, ஃபெலிக்ஸ் எழுந்துபோய்க் கொண்டுவந்த காப்பி மூன்றும் ஆடை கட்டிவிட்டன.

ஆணையத்துக்கு என்ன எழுதுவது என்று ஃபெலிக்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இருக்கறத எழுது" என்றாள் யாமினி. "மாமாவோட பேரையும் எழுது. அவர் போடலைன்னு."

ஆறுச்சாமி எழுந்து மேஜையருகே வந்தார். மெஷினுக்குள் இருந்த பம்பரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கிளம்பப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அம்மிணி, ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்கண்ணா." அவர் என்ன கேட்டாலும் தருகிற நிலையில்தான் அவள் இருந்தாள்.

"நான் பாடிட்டிருந்தன்ல, மாலைய அவுத்துக்கிட்டே? அத மட்டும் இன்னொருக்கா போடறியா?" அவர் கூச்சத்தோடு சிரித்தார். "பாட்டுக்கு இல்லீங். அப்ப எனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. ரெண்டும் அந்த மாலைலதான் இருந்துச்சு. அந்தச் சத்தம் எனக்கு இப்பத்தான் கெடைச்சுது. கத்தறதுக்குள்ள நிறுத்தீரு, போதும்."

"ஃபெலிக்ஸ் போடுவாங்கண்ணா. என்னால..."

"நீயே போடு அம்மிணி. உன்ற கையாலயே போடு."

அவள் மேஜைவரைக்கும் நடந்தாள். தடத்தை முதலுக்குக் கொண்டுவந்தாள். விரலைப் பொத்தான்மேல் கொண்டுபோனாள். அழுத்த முடியவில்லை. ஒரு பொத்தான், வெறும் பொத்தான், தினமும் நூறு தடவை அழுத்துவதுதான், இதை அழுத்தினால் இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று மனம் சொல்லிக்கொண்டேயிருந்தது. விரல் கேட்கவில்லை.

தன்னையறியாமல் அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, போடட்டா?"

குப்புராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மேஜையைப் பார்த்தார். ஆறுச்சாமி எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். அவருடைய இடதுகை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். அப்புறம் மகள் முகத்துக்கு நேராகத் திரும்பி, அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"போடு கண்ணு."